திரும்பத் திரும்ப வரும் டேட்டாபேஸ் எரர்: மூலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு தொழிற்சாலை, தி.நகரில் ஒரு துணிக்கடை, அண்ணா நகரில் ஒரு கிளினிக். இப்படிப்பட்ட இடங்களில் டேட்டாபேஸுக்கென்று தனியாக ஆள் இருக்க மாட்டார். சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் ஒருவர், சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர் இன்னொருவர், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருபவர் மூன்றாமவர். எரர் வந்தால் மூவருக்கும் போன் போகும். மூவரும் "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்பார்கள். அந்த மாதிரி இடங்களில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். அங்கே என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல், சில இடங்களில் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ்கள் பற்றியவை.

தினமும் அதே எரர். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. அது போதாதா?

போதாது. ரீஸ்டார்ட் செய்ததும் எரர் போகிறது என்றால், அந்த நேரத்தில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றுதான் காரணம். முடிக்கப்படாமல் திறந்தே கிடந்த, ஒன்றாக ஏறவோ ஒன்றாக ரத்தாகவோ வேண்டிய மாற்றங்களின் தொகுப்பான ட்ரான்ஸாக்‌ஷனாக இருக்கலாம், திருப்பிக் கொடுக்கப்படாத கனெக்‌ஷனாக இருக்கலாம், நிரம்பிப்போன மெமரியாக இருக்கலாம். ரீஸ்டார்ட் அதைத் துரத்திவிடுகிறது. அது எது என்று காட்டும் தடயமும் கூடவே போய்விடுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் யார் யார் கனெக்ட் ஆகியிருக்கிறார்கள், எந்தப் பூட்டுக்காக (ஒருவர் மாற்றும் தகவலை மற்றவர் மாற்றாமல் தடுப்பது) யார் காத்திருக்கிறார்கள், கடைசி டெட்லாக்கில் (இரண்டு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்பது) மோதியவை எவை என்பதெல்லாம் மெமரியில் மட்டுமே இருக்கும் விவரங்கள். சர்வர் நின்றால் அவையும் இல்லை. மறுநாள் அதே எரர் வரும்போது நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கவுண்டரில் ஆள் நிற்கும்போது ஆராய்ச்சி செய்ய முடியாது என்பது தெரியும். ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு நிமிடம் கொடுங்கள். 'ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட்', 'ஷோ இன்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்', சிஸ் ஸ்கீமாவில் (மைஎஸ்க்யூஎல்லோடு வரும் கண்காணிப்புப் பட்டியல்கள்) உள்ள 'இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ்' ஆகிய மூன்றின் விடையையும், டிஸ்க்கில் மீதி இடம், மெமரி எவ்வளவு என்பதையும் தேதி நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைச் செய்து டெஸ்க்டாப்பில் வையுங்கள். கேஷியர்கூட அதை டபுள் கிளிக் செய்யலாம். போஸ்ட்கிரஸ் என்றால் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' முழுவதும் போதும்.

ஒரு எச்சரிக்கை. கனெக்‌ஷன் எல்லாம் நிரம்பிய நேரத்தில்கூட நிர்வாகி உள்ளே வர மைஎஸ்க்யூஎல் ஓர் இடத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கிறது. பில்லிங் சாப்ட்வேரே ரூட் (நிர்வாகி) கணக்கில் ஓடினால் அந்த இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும். சாப்ட்வேருக்குத் தனி யூசர் கட்டாயம் வேண்டும்.

எரர் எப்போதும் பில்லிங் ஸ்க்ரீனில்தான் வருகிறது. அப்படியானால் தப்பு பில்லிங் கோடில்தானே?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

துணிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மத்தியானம் ஒன்றரை மணி. நான்கு கவுண்டரிலும் பில் ஏறவில்லை. ஐம்பது வினாடி சுற்றிவிட்டு 'லாக் வெயிட் டைம்அவுட் எக்ஸீடட்', எரர் எண் 1205. புரோகிராமர் பில்லிங் கோடை வரி வரியாகப் பார்க்கிறார். அதில் ஒன்றும் இல்லை. இருக்கவும் இருக்காது. ஏனென்றால் மாடியில் ஒருவர் ஸ்டாக் திருத்தும் ஸ்க்ரீனைத் திறந்து, நாலைந்து புடவைகளின் எண்ணிக்கையை மாற்றி, 'சேமிக்கவா?' என்று கேட்கும் பெட்டி திரையில் நிற்க, சாப்பிடப் போயிருக்கிறார். அந்த ஸ்க்ரீன் திருத்தத் தொடங்கியபோதே ட்ரான்ஸாக்‌ஷனையும் தொடங்கிவிட்டது, டேபிளில் அந்தப் புடவைகளுக்கான வரிசைகள் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. அதே புடவையை பில் போட வருகிறவர் எல்லாரும் காத்திருக்கிறார்கள். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் உள்ளே டேபிள்களைச் சேமித்து வைக்கும் பகுதி) ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கும் டீஃபால்ட் நேரம் 50 வினாடி. அது தீர்ந்ததும் எரர், காத்திருந்தவருக்கு. காத்திருக்க வைத்தவருக்கு ஒன்றுமே வராது. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து 'ஆமாம்' என்று அழுத்துவார், அழகாகச் சேமிக்கப்படும். அவருடைய ஸ்க்ரீன் எந்த எரர் பதிவிலும் பெயர் வாங்காது.

அதனால் எரர் எங்கே வருகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த நிமிடத்தில் வேறு யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். மேலே சொன்ன 'இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ்' இதைத்தான் காட்டும். ஒரு பக்கம் காத்திருக்கும் க்வெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பிய கட்டளை), மறுபக்கம் தடுப்பவரின் கனெக்‌ஷன் எண். தடுப்பவரின் க்வெரி இருக்க வேண்டிய கட்டத்தில் 'நல்' என்று இருக்கலாம். அதைப் பார்த்து "யாருமே இல்லையே" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். காலியாக இருப்பதற்குக் காரணம், அவர் இப்போது எந்தக் க்வெரியும் ஓட்டவில்லை, பூட்டை மட்டும் வைத்திருக்கிறார். ப்ராசஸ் லிஸ்டில் அந்த எண்ணைத் தேடினால் 'ஸ்லீப்' என்று இருக்கும், பக்கத்தில் எந்த ஐபி என்றும் இருக்கும். அந்த ஐபி எந்த மேஜையில் உள்ள கம்ப்யூட்டர் என்று தெரிந்தால் தேடல் முடிந்தது. 'இன்னோடிபி_டிஆர்எக்ஸ்' பட்டியலைப் பார்த்தால் அவர் எப்போது தொடங்கினார் என்பதும் தெரியும்.

போஸ்ட்கிரஸில் இதே ஆள் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்' என்ற நிலையில் தெரிவார். 'பிஜி_ப்ளாக்கிங்_பிட்ஸ்' என்ற ஃபங்ஷன் யாரை யார் தடுக்கிறார் என்று சொல்லும்.

தீர்வு என்ன? அந்தக் கனெக்‌ஷனை கில் செய்தால் அன்றைய கூட்டம் நகரும், நாளை மறுபடி வரும். உண்மையான தீர்வு அந்த ஸ்க்ரீனில் இருக்கிறது: மனிதர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ட்ரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கக் கூடாது. படித்துக் காட்டுங்கள், முடித்துவிடுங்கள். 'சேமி' அழுத்திய பிறகு தொடங்கி, மாற்றி, உடனே கமிட் (நிரந்தரமாகச் சேமிப்பு) செய்யுங்கள். இடையில் வேறு யாராவது அதே வரிசையை மாற்றிவிட்டார்களா என்று பார்க்க பதிப்பு எண்ணுக்கென்று டேபிளில் ஒரு நெடுவரிசை வைத்துக்கொண்டால் போதும்.

ஆளே இல்லாமலும் இது நடக்கும். வாடிக்கையாளர் புள்ளிகளை மொபைல் எண் வைத்து அப்டேட் செய்கிறீர்கள், அந்த நெடுவரிசையில் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னோடிபி அந்த ஒரே ஆளைக் கண்டுபிடிக்க எல்லா வரிசையையும் தேடும், டீஃபால்ட் அமைப்பில் தேடிய வரிசைகளையெல்லாம் பூட்டிக்கொண்டே போகும். ஒருவருக்குப் புள்ளி ஏற்ற ஊருக்கே பூட்டு. ஆயிரம் வாடிக்கையாளர் இருந்தவரை யாருக்கும் தெரியாது. லட்சத்தைத் தொடும்போது தினமும் 1205 வரும், கோடில் யாரும் கை வைக்காமலேயே.

1205, 1213 இரண்டும் பூட்டு சம்பந்தப்பட்டதுதானே? ஒரே மருந்து போதாதா?

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 1213 என்பது டெட்லாக். முதல் கவுண்டர் புடவை வரிசையைப் பூட்டிவிட்டு ப்ளவுஸ் பிட்டுக்குக் காத்திருக்கிறது. இரண்டாவது கவுண்டரின் பில்லில் ப்ளவுஸ் பிட் முதலில் ஏறியது, அது இப்போது புடவைக்குக் காத்திருக்கிறது. இருவரும் எத்தனை நேரம் நின்றாலும் தீராது. அதனால் இன்னோடிபி உடனே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருடைய ட்ரான்ஸாக்‌ஷன் முழுவதையும் ரத்து செய்து பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது.

1205இல் அப்படி இல்லை. டீஃபால்ட் அமைப்பில் காத்திருந்த அந்த ஒரு கட்டளை மட்டும்தான் ரத்தாகும், அதற்கு முன் செய்தவை அப்படியே நிற்கும். எரரைக் கண்டுகொள்ளாமல் கோடு அடுத்ததாக கமிட் செய்துவிட்டால் பில் தலைப்பு ஏறியிருக்கும், ஸ்டாக் குறைந்திருக்காது. மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்போதுதான் தெரியும். "ஸ்டாக் ஒத்துப்போகவில்லை" என்ற புகாருக்கு அடியில் இந்த 1205 இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைப் பையன்மேல் சந்தேகப்படுவதற்கு முன் எரர் பதிவைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டெட்லாக்குக்கு மருந்து: ஒரு பில்லில் எத்தனை பொருள் இருந்தாலும் பொருள் எண் வரிசைப்படி அடுக்கிய பிறகு ஸ்டாக்கைக் குறையுங்கள். எல்லாக் கவுண்டரும் ஒரே வரிசையில் போனால் இந்த மோதல் நேராது. அப்படியும் எப்போதாவது வரும், வந்தால் முழு ட்ரான்ஸாக்‌ஷனையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டும்படி கோடு எழுதுங்கள். 'ஷோ இன்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' கடைசி டெட்லாக்கை மட்டுமே காட்டும். எல்லாமே வேண்டுமென்றால் 'இன்னோடிபி_ப்ரின்ட்_ஆல்_டெட்லாக்ஸ்' ஆன் செய்தால் எரர் பதிவில் விழும்.

எண்ணை இணையத்தில் தேடும்போது ஒன்று கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் 1205 என்றால் டெட்லாக். மைஎஸ்க்யூஎல்லில் அது காத்திருப்பு நேரம் தீர்ந்தது. டேட்டாபேஸ் பெயர் சேர்க்காமல் தேடினால் வேறு நோய்க்கான மருந்து கிடைக்கும்.

காலையில் கடை திறந்ததும் முதல் பில் மட்டும் 'சர்வர் ஹேஸ் கான் அவே' என்று விழுகிறது. மறுபடி அழுத்தினால் போகிறது. ஏன்?

மைஎஸ்க்யூஎல் ஒரு கனெக்‌ஷன் சும்மா இருந்தால் 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம் பொறுத்துவிட்டு மூடிவிடும். இரவு ஒன்பதரைக்குக் கடை மூடி காலை ஒன்பதரைக்குத் திறந்தால் இடையில் 12 மணி நேரம். சாப்ட்வேரின் கனெக்‌ஷன் பூல் (திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) அது இன்னும் உயிரோடு இருப்பதாக நம்பி முதல் பில்லை அதில் அனுப்புகிறது. 'வெயிட்_டைம்அவுட்' எண்ணை ஏற்றுவது தீர்வல்ல. பூல் ஒரு கனெக்‌ஷனை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற அளவை அதைவிடக் குறைவாக வையுங்கள். ஜாவாவில் ஹிகாரிசிபி என்ற பூலைப் பயன்படுத்தினால் அது டீஃபால்ட்டாகவே 30 நிமிடத்தில் மாற்றிக்கொள்ளும்.

பகலிலேயே, நாலைந்து நிமிடம் சும்மா விட்டாலே அறுந்தால் டேட்டாபேஸை விட்டுவிட்டு நடுவில் உள்ள நெட்வொர்க்கைப் பாருங்கள். அஷூர் லோட் பேலன்ஸர் (வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) சும்மா இருக்கும் இணைப்பை டீஃபால்ட்டாக 4 நிமிடத்திலும், அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்ஸர் 350 வினாடியிலும் கைவிட்டுவிடும். லினக்ஸோ 'இருக்கிறாயா' என்று முதல் முறை கேட்பதே 7,200 வினாடிக்குப் பிறகுதான். இப்படிக் கேட்கும் கீப்அலைவ் நேரத்தைக் குறைத்தால் தீரும்.

படம் ஏற்றும்போது மட்டும் இதே செய்தி வந்தால் அது வேறு விஷயம். 'மேக்ஸ்_அலவ்ட்_பேக்கெட்' அளவைப் பாருங்கள். 5.7 பதிப்பில் 4 எம்பி, 8.0இல் 64 எம்பி.

தினமும் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் எல்லாமே அறுந்துவிடுகிறது. கூட்டம் தாங்கவில்லையா?

நேரம் ஒத்துப்போகிறது என்றால் கூட்டத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். கிளவுடில் எடுத்த லினக்ஸ் சர்வர்கள் பொதுவாக யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். உபுண்டுவில் தானாக அப்டேட் போடும் வேலை சர்வர் நேரப்படி காலை 6 முதல் 7 மணிக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும். ஊர் தூங்கும் நேரம் என்று நினைத்து வைத்தது அது. யூடிசி சர்வரில் அந்த நேரம் சென்னையில் முற்பகல் 11:30 முதல் 12:30. அன்று மைஎஸ்க்யூஎல்லுக்குப் பாதுகாப்பு அப்டேட் இருந்தால் டேட்டாபேஸையும் ரீஸ்டார்ட் செய்துவிடும். ஆனால் அப்டேட் தினமும் வராது. தினமும் அறுகிறது என்றால் டெபியனின் அன்றாட வேலைகளைப் பாருங்கள். அவை 6:25க்கு ஓடும், நமக்கு 11:55. யாராவது பேக்கப்பை அதில் போட்டு வைத்திருக்கலாம்.

பேக்கப் என்றதும் ஞாபகம் வருகிறது. 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' கட்டளையில் 'சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன்' என்ற ஆப்ஷன் இல்லாவிட்டால், எடுத்துக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் டேபிள்களை அது பூட்டி வைக்கும். படிக்கலாம், எழுத முடியாது. பில் எல்லாம் அது முடியும்வரை நிற்கும்.

அதேபோல் காலை 5:30க்குத் தவறாமல் வரும் எரர் என்றால் யூடிசி நள்ளிரவு வேலை ஏதோ ஒன்று. மைஎஸ்க்யூஎல் எரர் பதிவும் 5.7இலிருந்து டீஃபால்ட்டாக யூடிசி நேரத்திலேயே எழுதுகிறது. ஒவ்வொரு வரியின் நேரத்துக்கும் கடைசியில் ஆங்கில 'இசட்' இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். பதிவில் 06:20 என்று இருப்பதைப் பார்த்து "நாங்கள் கடையே திறக்கவில்லையே" என்று ஒதுக்கிய வரிதான் நீங்கள் தேடும் வரியாக இருக்கும். 'லாக்_டைம்ஸ்டாம்ப்ஸ்' என்பதை 'சிஸ்டம்' என்று மாற்றி, சர்வர் நேரத்தையும் இந்திய நேரமாக வைத்துவிட்டால் இந்தக் கூட்டல் வேலை இல்லை.

கிழமை, தேதி பார்த்தும் வரும். மாதந்தோறும் 11, 20 தேதிகளை ஒட்டி வருகிறதா? ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி கெடு நாட்கள் அவை. கணக்காளர் அப்போது ஒரு மாத பில் முழுவதையும் ரிப்போர்ட் எடுப்பார். ஒரு நோட்டில் நேரம், ஸ்க்ரீன், எரர் எண், அப்போது யார் என்ன செய்தார் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அரைப் பக்கம் நிரம்புவதற்குள் வடிவம் கண்ணில் பட்டுவிடும்.

'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' வருகிறது. ஹோஸ்டிங்காரர் எண்ணிக்கையை 500 ஆக்கிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

முதலில் ப்ராசஸ் லிஸ்டைப் பாருங்கள். அதில் இரண்டு விதமான காட்சி இருக்கும். நூற்றுக்கும் மேல் 'ஸ்லீப்' நிலையில், நேரக் கட்டத்தில் பெரிய பெரிய எண்களோடு கிடந்தால் கோடு கனெக்‌ஷனைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறது. வழக்கமாக எரர் வரும் பாதையில்தான் இது நடக்கும்: எல்லாம் சரியாக ஓடினால் மூடுகிறது, நடுவில் விழுந்தால் மூடும் வரிக்கு வருவதே இல்லை. இந்த நிலையில் எண்ணிக்கையை ஏற்றுவது, அடியில் ஓட்டை உள்ள தொட்டிக்கு இன்னொரு லாரி தண்ணீர் அடிப்பது. காலையில் விழுந்தது சாயங்காலம் விழும், அவ்வளவுதான். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் மெமரி வேறு போகும். ஹிகாரிசிபியில் 'லீக் டிடெக்‌ஷன்' என்ற அமைப்பை ஆன் செய்தால் எந்த வரியில் எடுத்தது திரும்பவில்லை என்று அதுவே பதிவில் எழுதும்.

இன்னொரு காட்சி, எல்லாமே ஒரே க்வெரியை ஓட்டிக்கொண்டு, அல்லது ஒரே பூட்டுக்குக் காத்துக்கொண்டு நிற்பது. அப்போது கனெக்‌ஷன் பிரச்சினை விளைவுதான். மூலம் அந்த க்வெரியிலோ பூட்டிலோ இருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் டீஃபால்ட் 151, போஸ்ட்கிரஸுக்கு 100. நான்கு அப்ளிகேஷன் சர்வர், ஒவ்வொன்றிலும் நான்கு ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் பத்து கனெக்‌ஷன் பூல் என்றால் 160. ஒருவர்கூட பில் போடாமலேயே வரம்பு தாண்டிவிட்டது. இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் எண்ணை ஏற்றலாம், அல்லது பூலைக் குறைக்கலாம். நான் குறைக்கத்தான் சொல்வேன்.

எரர் பதிவைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் மட்டும் தானாக நின்று ஓடியிருக்கிறது. எங்கே தேடுவது?

'ஒன்றுமே இல்லை' என்பதே ஒரு தகவல். முறையாக நிறுத்தினால் மைஎஸ்க்யூஎல் நிறுத்தப்படுவதை எழுதிவிட்டுத்தான் நிற்கும். அந்த வரிகள் இல்லாமல் திடீரென்று 'ஸ்டார்ட்டிங்' என்றும், அடுத்து க்ராஷ் ரெகவரி என்றும் தொடங்கினால் வெளியிலிருந்து யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள். லினக்ஸில் மெமரி தீர்ந்தால் கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) அதிக மெமரி பிடித்திருக்கும் ப்ராசஸைக் கொல்லும், சிறிய சர்வரில் அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்தான். கெர்னல் பதிவில், அதாவது 'டிமெஸ்க்' கட்டளையில், 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். 2 ஜிபி சர்வரில் டேட்டாபேஸும் வெப்சைட்டும் இரண்டையும் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். வேர்ட்பிரஸ் பக்கத்தில் 'எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்' என்று மட்டும் தெரியும்.

இன்னொரு பக்கம், பதிவில் ஆயிரக்கணக்கான எரர். எதிலிருந்து தொடங்குவது?

நேர வரிசையில் முதலில் வந்ததிலிருந்து. அதிகமாக வந்ததையோ கடைசியாக வந்ததையோ பிடிக்காதீர்கள். போஸ்ட்கிரஸில் 'கரன்ட் ட்ரான்ஸாக்‌ஷன் இஸ் அபார்ட்டட்' என்று, குறியீடு 25பி02, நூறு வரி வரும். அந்த நூறும் வெறும் எதிரொலி. அதே ட்ரான்ஸாக்‌ஷனில் அதற்கு முன் ஒரே ஒரு வரி உண்மையான எரரைச் சொல்லியிருக்கும். பதிவில் ப்ராசஸ் எண் விழும்படி 'லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ்' வைத்திருந்தால் அந்த எண்ணை வைத்து மேலே மேலே போய் அதைப் பிடித்துவிடலாம்.

டிஸ்க் நிரம்பினாலும் இப்படித்தான். எரர் எண் 28 ஒரு முறை வந்திருக்கும், அதன்பின் பத்து விதமான வேறு எரர்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 பைனரி லாக் (செய்த மாற்றங்களின் பதிவு) ஃபைல்களை டீஃபால்ட்டாக 30 நாள் வைத்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சின்ன டிஸ்க்கை அவையே தின்றுவிடும். அவற்றைக் கையால் டிலீட் செய்யாமல் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால் நீக்குங்கள்.

தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாக மாறுகிறது, சில நேரம் 1366 எரர் வருகிறது. டேட்டா போய்விட்டதா?

அந்த வரிசையை, எழுத்துகளை பைட் குறியீடாகக் காட்டும் 'ஹெக்ஸ்' ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். ஈ0ஏஈ அல்லது ஈ0ஏஎஃப் என்று தொடங்கினால் உள்ளே பத்திரமாக இருக்கிறது, காட்டும் இடத்தில்தான் கோளாறு. சி3ஏ0 என்று தொடங்கினால் இருமுறை மாற்றப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் மீட்கலாம். 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் அது உண்மையிலேயே கேள்விக்குறிதான், மூலம் போய்விட்டது. பேக்கப்பைத் தேட வேண்டும்.

காரணம் பழைய டீஃபால்ட். 8.0க்கு முன் மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 எழுத்துத் தொகுப்பில்தான் டேபிள் உருவாக்கும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. 'யூடிஎஃப்8' என்று வைத்தவர்களுக்குத் தமிழ் சரியாக வரும், வாடிக்கையாளர் ஒரு ஸ்மைலி போட்டால் 1366 விழும், ஏனென்றால் ஸ்மைலிக்கு நான்கு பைட் வேண்டும், அந்தத் தொகுப்பு மூன்றோடு நின்றுவிடும். 'யூடிஎஃப்8எம்பி4' வையுங்கள். டேபிளில் மட்டும் மாற்றிவிட்டு கனெக்‌ஷனில் மாற்றாமல் விடுவதால்தான் "மாற்றியும் வருகிறதே" என்ற கேள்வி வருகிறது. நெடுவரிசை, டேபிள், கனெக்‌ஷன் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நீளமும் ஏமாற்றும். திருவல்லிக்கேணி என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. மைஎஸ்க்யூஎல் அதை 15 என்று எண்ணும், புள்ளியும் கொம்பும் தனித்தனி. பைட் கணக்கில் 45. ஆரக்கிளில் டீஃபால்ட் அமைப்பில் 30 என்று வைத்த நெடுவரிசை 30 பைட் மட்டுமே கொள்ளும், திருவல்லிக்கேணி அதில் ஏறாது, 'ஓஆர்ஏ-12899' வரும். ஆங்கிலப் பெயரில் டெஸ்ட் செய்த யாருக்கும் இது தெரியாமல் போவது இயல்புதான். டெஸ்ட் டேட்டாவில் நீளமான தமிழ் ஊர்ப் பெயர்களையும் போடுங்கள்.

1366, 1406 (நீளம் அதிகம்) எரர்களை நிறுத்த ஸ்ட்ரிக்ட் மோடை (தவறான மதிப்பை ஏற்காமல் மறுக்கும் அமைப்பு) எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். எரர் நிற்கும், பெயர்கள் பாதியில் வெட்டப்பட்டும் கேள்விக்குறியாகவும் அமைதியாக ஏறிக்கொண்டே இருக்கும்.

பில் எண் 'டூப்ளிகேட் என்ட்ரி' என்கிறது. கூட்டமான நாளில் மட்டும் வருகிறது.

கோடில் 'இருப்பதிலேயே பெரிய பில் எண், கூட்டல் ஒன்று' என்று எழுதியிருப்பார்கள். இரண்டு கவுண்டர் ஒரே நொடியில் கேட்டால் இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும். ஆடித் தள்ளுபடியில் வரும், ஆவணி செவ்வாய்க்கிழமையில் வராது. எண்ணை டேட்டாபேஸே கொடுக்கட்டும், அல்லது எண்ணுக்கென்று ஒரு தனி வரிசை வைத்து அதைப் பூட்டி எடுங்கள். 1062 எரரைத் தருகிற யூனிக் இண்டெக்ஸை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு பில் போகாமல் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதுதான்.

மழையில் கரண்ட் போய் வந்த பிறகு சில டேபிள் மட்டும் 'க்ராஷ்ட்' என்கிறது.

அந்த டேபிள்கள் பழைய மைஐஎஸ்ஏஎம் வகையாக இருக்கும். 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் டீஃபால்ட், ஆனால் அதற்கு முன் உருவாக்கிய டேபிள்கள் அப்படியே தொடர்ந்து வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ரிப்பேர் செய்துகொண்டிருக்காமல் பேக்கப் எடுத்துவிட்டு இன்னோடிபிக்கு மாற்றுங்கள். டிசம்பருக்கு முன்பே செய்யுங்கள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தண்ணீர் வடிந்தாலும் கரண்ட் வரச் சில பகுதிகளில் நாட்கள் ஆயின, யூபிஎஸ் அவ்வளவு தாங்காது. பேட்டரி தீருமுன் சர்வரைத் தானாக முறையாக நிறுத்தும் இணைப்பு யூபிஎஸ்ஸுக்கும் சர்வருக்கும் இடையே இருக்கிறதா என்று பாருங்கள். இன்னோடிபியிலும் 'இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட்' எண்ணை வேகத்துக்காக 2 என்றோ 0 என்றோ வைத்திருந்தால் கரண்ட் போகும்போது கடைசி ஒரு நொடி பில்கள் போகலாம். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் 1 என்றே இருக்கட்டும்.

டெவலப்பர் ஹோஸ்டிங்கைக் கைகாட்டுகிறார், ஹோஸ்டிங்காரர் டெவலப்பரை. என்ன அனுப்பினால் வேலை நடக்கும்?

"சாப்ட்வேர் ஹேங் ஆகிறது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் நகர மாட்டார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. எரர் எண், முழு வாசகம், இந்திய நேரம் என்று குறிப்பிட்ட நேரம், அந்த நிமிடத்து ப்ராசஸ் லிஸ்ட், கடைசியாக எது மாற்றப்பட்டது. இவ்வளவு இருந்தால் "எங்கள் பக்கம் இல்லை" என்று யாராலும் ஒரு வரியில் முடிக்க முடியாது. அனுப்பும் முன் ப்ராசஸ் லிஸ்டைப் படித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த க்வெரியில் வாடிக்கையாளர் பெயர், மொபைல் எண், கிளினிக் என்றால் நோயாளி விவரம்கூட இருக்கும். அவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் அது.

எரர் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

எதை மாற்றினீர்கள், அதனால் ஏன் நின்றது என்று இரண்டையும் சொல்ல முடிந்தால் நம்பலாம். டெஸ்ட் சர்வரில் பழைய கோடைப் போட்டு எரரை வரவழையுங்கள். ஸ்டாக் ஸ்க்ரீன் உதாரணத்தில் அது சுலபம்: ஒரு கம்ப்யூட்டரில் திருத்தத்தைத் திறந்து வைத்துவிட்டு இன்னொன்றில் அதே புடவையை பில் போடுங்கள், ஐம்பதாவது வினாடியில் விழும். புதிய கோடில் அதையே செய்து விழவில்லை என்றால் வேலை முடிந்தது. ஒரே நாளில் நான்கு அமைப்புகளை மாற்றி எரர் நின்றால் எது காரணம் என்று தெரியாது, அதனால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாதக் கடைசியில் வந்த எரர் என்றால் அடுத்த மாதக் கடைசி தாண்டட்டும்.

பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடோ, அவற்றோடு இணைந்த நேர சர்வரோடோ ஒத்திசைத்து வைக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. பாதுகாப்புக்காக வந்த விதி என்றாலும் எரர் தேடுகிறவருக்கு இரண்டுமே பெரிய உதவி. அப்ளிகேஷன் சர்வர் கடிகாரமும் டேட்டாபேஸ் கடிகாரமும் மூன்று நிமிடம் விலகி இருந்தால் எந்த எரர் எதற்கு முன் வந்தது என்பதே தலைகீழாகத் தெரியும். பதிவுகளை டேட்டாபேஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் மட்டும் வைக்காமல் வேறு இடத்துக்கும் ஒரு பிரதி தினமும் போகும்படி வையுங்கள்.